கிழக்கு யன்னலும் நசீர் நானாவின் பெட்டியும்

ஆடி, செவ்வாய்

கச்சான் ஓயவில்லை. தரையிலிருந்து வரும் நெருப்புக் காற்று. விடிந்ததும் செய்தவை: மேற்கு யன்னல்கள் சாத்தல், சாக்கு நனைத்துக் கட்டல், முற்றத்துக்குத் தண்ணீர். சவர்க்காரம் முடிந்துவிட்டது.

மனைவி வசந்தி நெஞ்சுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தபின் இதுதான் முதல் வெக்கை. மத்தியானம் கட்டாயம் உறங்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. பிற்பகலில் துறைமுகப் பக்கமாகக் கடற்காற்று ஏறிவரும். அது இவ்வீட்டினுள் நுழைய ஒரே வழி, அவளுடைய தலைமாட்டிலுள்ள கிழக்கு யன்னல்.

இன்று அந்த யன்னலுக்கு நேரெதிரே, மதிலுக்கு அப்பால், பக்கத்து வீட்டு நசீர் நானா ஏசி பூட்டினார். வெளிப்பெட்டியின் வாய் எங்களைப் பார்த்தபடி. பி.ப. மூன்றுக்குக் காற்று வந்தது. கடலிலிருந்து அல்ல, பெட்டியிலிருந்து.

"நல்லா நித்திரை கொண்டனான்" என்றாள் வசந்தி. பொய்.

புதன்

யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல். கட்டிலை மண்டபத்துக்கு இழுத்துப் பார்த்தேன். மேற்குச் சுவர் தோசைக் கல்லாய்க் காய்கிறது. கட்டில் பழைய இடத்துக்கே.

நசீர் நானாவைப் பற்றி நியாயமாக எழுதவேண்டும். இருபது ஆண்டு அயல். சத்திரசிகிச்சைக்கு வசந்தியைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றது அவருடைய வான், ஓட்டியவரும் அவரே. மகள் சபீனாவின் முதற் குழந்தைக்கு நாளை நாற்பதாம் நாள். உடலெல்லாம் வேர்க்குரு. கட்டாரிலுள்ள மருமகனின் ஏற்பாடுதான் ஏசி. எல்லாமே நியாயம். ஆதலினாலேயே என் கோபத்துக்குப் போக்கிடமில்லை.

நான் புவியியல் பட்டதாரி. கடற்காற்று, தரைக்காற்று எனக் கரும்பலகையில் அம்புக்குறி கீறியே வயது ஐம்பதைக் கடந்தவன். அம்புக்குறிக்கு எதிரே ஒரு பெட்டியை ஒருநாளும் கீறியதில்லை.

நானாவிடம் எதுவும் கேட்கக்கூடாதென்று வசந்தி தடுத்துவிட்டாள். பச்சைப்பிள்ளை இருக்கும் வீடாம். கேட்கவில்லை. அவருக்குக் கண் இருக்கிறது.

வியாழன்

வெக்கை அதேயளவு. நாற்பதுக்கு வட்டிலப்பம் வந்தது. நானாவின் மனைவி ஹாஜரா மதிலுக்கு மேலால் நீட்டினார். ருசியில் குறை சொல்ல ஏலாது. இரண்டு துண்டு தின்றேன்.

இரு வீட்டுக்கும் இடையே ஒரு வழக்கம்: கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. வேறொன்றும் இல்லையெனில் ஒரு பிடி சீனியாவது.

கிண்ணத்தைக் கழுவினேன். ஈரம் போகத் துடைத்தேன். வெறுமையாகவே மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வாய் திறவாமல் சொல்லக்கூடிய மிகக் கடுமையான வசனம். கவனமாக அமைத்தேன்.

மாலையில் கிண்ணம் அங்கில்லை. எடுத்துவிட்டார்கள்.

வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்த நசீர் நானா ஒழுங்கையில் எதிர்ப்பட்டார். முகத்தைத் திருப்புவார் என்றிருந்தேன். சைக்கிளை விட்டே இறங்கினார்.

"சேர், மாங்காய்ச் சம்பல் சோத்துக்கு நல்லா இருந்திச்சு. உறைப்புத்தான் கொஞ்சம் கூட. தங்கச்சிக்கு இப்ப சுகமா?"

வீட்டில் விசாரணை. வசந்தி தலையணை உறையை மடித்தபடி சொன்னாள்:

"நீங்கள் வைச்சிட்டு உள்ள வந்தனீங்கள். நான் போய்ச் சம்பலை வைச்சனான். இத்தனை வருஷத்தில ஒருக்காவும் வெறுங்கிண்ணம் போகேல்லை. உங்கட கோவத்துக்காக இனியும் போகாது."

தைத்த நெஞ்சோடு, அந்த வெயிலில், மதிலடி வரை நடந்திருக்கிறாள். அதுவும் நான் அரைத்த சம்பலோடு. என் வசனம் வழியிலேயே திருத்தப்பட்டுவிட்டது.

அவளோடு இரவுச் சாப்பாடு வரை கதைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு அதிகம். சமைத்தவன் நான்.

சனி

மு.ப. பதினொன்றிலிருந்து மின்வெட்டு. பெட்டி மௌனம். பிற்பகலில் கடற்காற்று வந்தது; உப்பும் டீசலும் மணக்க, யன்னற் சீலையைத் தூக்கிக்கொண்டு.

அடுத்த வீட்டில் குழந்தையின் அழுகை. ஏசிக்காக அந்த அறையின் யன்னலைப் பலகையடித்து மூடிவிட்டார்களாம். வசந்தி கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"சபீனா, பிள்ளையை இஞ்ச கொண்டு வாங்கோ. இஞ்ச காத்து வருது."

வந்தார்கள், ஹாஜராவும் ஒரு கிண்ணமுமாக. குழந்தையை வசந்திக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் இருவருமே உறங்கிவிட்டார்கள். நசீர் நானா கதிரையில் அமர்ந்தார். எதிரே யன்னல், யன்னலில் அவருடைய பெட்டி.

"இது நேரே இந்த யன்னலுக்கா ஊதுது, சேர்?"

"ஓம்."

"சொல்லல்லையே நீங்க."

ஹாஜராவின் கிண்ணத்தைக் குசினியில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்போது மின்சாரம் வந்தது. பெட்டி உறுமியது. முதல் அனல் மூச்சு சீலையைத் தாண்டி உள்ளே வந்தது. குழந்தை முகத்தைச் சுழித்தது. நானா செருப்பும் போடாமல் ஓடினார். உறுமல் நின்றது.

திரும்பி வந்து வாசலில் நின்று, மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில்: "திங்கக்கிழமை பின்சுவருக்கு மாத்துவம். அதுவரைக்கும் பிள்ளை மத்தியானத்துக்கு இங்க படுக்கட்டும்."

குசினி மேசையில் ஹாஜராவின் கிண்ணம். மாங்காய் சீவவேண்டும், உறைப்புக் குறைத்து.

வசந்தி இன்னும் நித்திரை. பொய்யன்று. குறட்டை.