குதித்தவரும் என் பாஸ்போர்ட்டும்

ஈப்போ, மலேசியா, ஞாயிறு

அன்புள்ள தேன்மொழி,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நடந்ததைக் கேட்டுப் பயப்படாதே.

நேற்று ஒருவர் பலூனில் வானத்தின் விளிம்புவரை ஏறி, அங்கிருந்து குதித்து உலகச் சாதனை படைத்தார். எங்கள் டீக்கடைத் தொலைக்காட்சியில் நேரலை. கூட்டம் நிறைந்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "தைரியம்னா அதுதான்லா!" என்றார்.

"அவரு பாஸ்போர்ட் அவருகிட்டதான இருக்கு? மூணு வருசமா நீங்க பூட்டி வச்சிருக்கிற என்னோடதைக் குடுங்க, முதலாளி. அதுவரைக்கும் டீ ஆத்த மாட்டேன்" என்று குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

லோரி ஓட்டும் சன்னாசி அண்ணன் கத்தினார்: "குடுத்துருங்க பாஸ், அந்தாளே தரைக்கு வந்துட்டான், என்னோட தேத்தண்ணி இன்னும் வரலைலா!"

முதலாளி கொடுத்துவிட்டார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இப்போது டீ ஆற்றுகிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பாப்பாவின் உயரத்தை நூலில் அளந்து அதோடு வை. தீபாவளிக்கு நேரில் வந்து சரிபார்ப்பேன்.

கூப்பிடுகிறார்கள்.

உன்
கோதண்டம்