தறிக்காரத் தெருவில் மாப்பிள்ளை நாடகம்

திருத்தணி
6-2-1983

சிரஞ்சீவி நாகராஜனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முருகன் தயவில் நாங்கள் இரண்டு பேரும் சுகம், பிலாயில் நீயும் கமலாவும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இருவரும் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் இப்போதே கிளம்பத் தயார், உன் நைனாதான் அசையவில்லை. விசைத்தறிச் சத்தத்தில் போன காது இப்போது இன்னும் மோசம். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், கல்யாணம் காட்சி எதற்கும் வருவதில்லை. "நான் வந்து இன்னா பண்ணப்போறேன், பொம்மையாட்டம் குந்திகினு இருக்கணும், நீ போய்ட்டு வா" என்று ஒரே பிடிவாதம். பேத்தி முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

இதற்கிடையில் நம் தெரு நாடக சபாவில் ஒரு அதிசயம் செய்தார்கள், கேள். எல்லப்பன் மருமகள் தேவகி தெரியுமல்லவா, தறி ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுகிறவள். மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிற மாப்பிள்ளையைப் பற்றிச் சிரிப்பு நாடகம் எழுதி, பாதிக்கு மேல் பாட்டாகவே வைத்துவிட்டாள். முதல் நாள் ஊருக்கு. மறுநாள் கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க முடியாதவர்களுக்கென்றே முன்வரிசையை ஒதுக்கி இன்னொரு தடவை. கண் தெரியாத கௌரியம்மாள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து மேடையில் நடப்பதையெல்லாம் காதில் சொன்னாள். காது கேளாதவர்களுக்கு, தறி ஓட்டுகிற நம் தெருப் பையன் சேட்டு. தறிக்கூடத்தில் சத்தத்துக்கு நடுவே கையாலேயே பேசிக்கொள்வார்களே, சாப்பிடப் போகலாமா, முதலாளி வருகிறார் என்றெல்லாம், அந்தச் சைகையிலேயே நாடகம் முழுவதையும் மேடை ஓரத்தில் நின்று காட்டினான். நம் தெருவில் பாதிப்பேருக்கு அது தெரிந்த பாஷைதானே, இத்தனை நாள் யாருக்கும் தோன்றாதது தேவகிக்குத் தோன்றிற்றே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கினவள்கூட இல்லை, மனசு இருக்கிறது.

அவளே வீடு தேடி வந்து கூப்பிட்டதால் உன் நைனா வந்தார், வந்தும் முதல் பாட்டுவரை மூஞ்சியை உர்ரென்று வைத்திருந்தார். அப்புறம்தான் கொஞ்சம் இளகினார். மாப்பிள்ளை மூன்றாம் முறையாகச் சோறு கேட்டுப் பாட, மாமியார் "போதும் நிறுத்துடா" என்று கத்தினாள். சேட்டு பழக்கதோஷத்தில், கூடத்தில் எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி வெட்டிக் காட்டினான். விளக்குக்கு நின்ற ராஜவேலு கூடத்திலும் சுவிட்சுப் பக்கம் நிற்கிறவன்தானே, யோசிக்கவேயில்லை, மெயினை இறக்கிவிட்டான். மேடை, மைக்கு, பந்தல் எல்லாம் கப்பென்று அணைந்தது. காது நன்றாகக் கேட்கிற நாங்களெல்லாம் கரண்டு போய்விட்டது என்று முனகிக்கொண்டிருக்க, சேட்டு கையையே பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதில் பெரிய சிரிப்பு உன் நைனாவுடையது. விளக்கு வந்ததும் பின்னாலிருந்தவர்கள் இன்னா ஆச்சு இன்னா ஆச்சு என்று அவரைப் பிடித்து உலுக்க, எழுந்து திரும்பி நின்று, "கம்முனு இருங்க, நான் சொல்றேன்" என்று கையை ஆட்டி ஆட்டி அத்தனை பேருக்கும் விளக்கினார் உன் நைனா! எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு, எனக்கும் சேர்த்தே டிக்கெட்டு எடு என்றார். எடுத்தாயிற்று.

மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். கமலா உடம்பைக் கவனித்துக்கொள்ளட்டும், குழந்தைக்குப் பனிக்குக் குல்லாய் போடுங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. விசேஷத்தன்று யாராவது எதற்காவது சிரித்தால், நீ உன் நைனா எதிரில் வந்து நின்று கையால் சொல்லு. கமலா வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சப்படாதே.

உன் அம்மா
ஞானம்மாள்