துணி அறை, பதினொரு மணி

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததில் இருந்து சாரல். குற்றாலமே கூட்டம், நம் லாட்ஜும் நிறைந்துவிட்டது. 14-ஆம் அறைக் குழாய்க்கு ஆள். 9-க்குக் கூடுதல் பாய். இலஞ்சி ஆஸ்பத்திரி நர்ஸ் முத்துலட்சுமி ஞாபகப்படுத்தினாள்: 11 மணிக்கு மனநல டாக்டரம்மா, வீடியோவில்.

காலி அறை ஏது? துணி அறைக்குள் போய், தலையணை அடுக்கில் சாய்ந்தபடி பேசினேன்.

"தூக்கம் எப்படி?"

"அருமையா வருது மேடம்."

"சாப்பாடு?"

"ஒரு குறையும் இல்ல மேடம்."

இருபது வருடம் கவுண்டரில் பழகிய வாய். டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். இனி வாராவாரம் வேண்டாமாம், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதுமாம். கும்பிடு போட்டேன்.

முட்டாள். வீட்டில் 'எப்படி இருக்கிய' என்று கேட்கப் பெண்டாட்டி சரோஜா இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். இப்போது டாக்டரம்மாவையும் நானே அனுப்பிவைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அத்தனை பேரும் அறைக்குள்ளே. சிரிப்பு, சீட்டு, பஜ்ஜி வாசம். மதியப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

முத்துலட்சுமி போன். "அண்ணாச்சி, நல்லா ஆயிட்டுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காவளே. நெசமாவா?"

"நெசந்தான் தாயி."

"சரி, வச்சிருதேன்."

சலவைக்குப் போன விரிப்பு 40, இன்னும் வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. 11-ஆம் அறை, விருதுநகர் வாத்தியார், காலி செய்தார். "வசதியா இருந்துதா சார்?" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சாவியைக் கொடுத்தார்.

பெருக்கப் போன பேச்சியம்மா கூப்பிட்டாள். கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகல். மெத்தை சொதசொத, அதன் மேல் வாளி. மனிதர் இரண்டு ராத்திரியும் நாற்காலியிலேயே கழித்திருக்கிறார்.

"நேத்தே அந்த சாரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? சொன்னாத்தான நமக்குத் தெரியும்."

கோபம் வந்தது. வாத்தியார் மேல் இல்லை, என் மேல்.

ஜூலை 7, திங்கள்

கொத்தனார் வந்தார். முத்துலட்சுமியை நானே கூப்பிட்டேன்.

"தாயி, வெள்ளிக்கிழம நான் சொன்னது பூராப் பொய்."

"தெரியும் அண்ணாச்சி. நாளைக்குப் பதினொண்ணுக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன்."

லாட்ஜின் புகார் நோட்டு. எவனும் எழுதிவிடக் கூடாதென்று மேஜைக்குள் நான் பூட்டியே வைத்திருப்பது. எடுத்து எழுதினேன்:

தூக்கம் மூன்று மணி நேரம், அதுவும் சில நாள்தான்.
சோறு இறங்கவில்லை.
சரோஜா நம்பருக்கு இன்னும் போன் போடுகிறேன். வேறு யாரோ எடுக்கிறார்கள்.
காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். விரிப்பு வந்துவிட்டது. துணி அறை.

"எப்படி இருக்கீங்க?"

"நல்..." என்று வாய் தானாகவே ஆரம்பித்தது. நோட்டைப் பிரித்து வாசித்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. "மெதுவா சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

நாலாவதையும் வாசித்தேன்.

முடிந்ததும் கவுண்டருக்கு வந்து புக்கிங் நோட்டில் எழுதினேன்:

செவ்வாய்தோறும், காலை 11. துணி அறை. ஆள்: ஒருவர்.