கஞ்சிப் பத்தியம்

அப்பச்சி,

பீரோவை ஒழிக்கும்போது உங்கள் தலையை ஸ்கேன் எடுத்த படம் கையில் அகப்பட்டது. "இன்னும் எதுக்கு இத வச்சிருக்க, தூக்கிப் போடு" என்கிறாள் ஆத்தா. மாட்டேன். இந்த ஊர் வாய்க்கு உங்கள் மகள் என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான்.

கண்டனூர்க் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று கால் பின்னியது. எதிரில் நின்ற நான் இரண்டாகத் தெரிவதாகச் சொல்லித் தூணைப் பிடித்துக்கொண்டீர்கள். "காலையிலேயே ஊத்தியாச்சு போல. ஈரல் சும்மாவா கெட்டுச்சு?" என்றார் உங்கள் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. பந்தியே சிரித்தது. ஆயுசில் ஒரு சொட்டு தொடாதவர் நீங்கள். உங்கள் ஈரலைக் கெடுத்தது சர்க்கரை நோயும் கொழுப்பும்.

மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டு. "வைட்டமின் பி1 கொறஞ்சா இப்படித் தெரியும். குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் வரும்னு இல்லம்மா. ஈரல் கெட்டவங்க உடம்புல அந்தச் சத்து தங்காது. என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

நான்தானே கொடுத்தேன். மூன்று மாதமாக வெள்ளைக் கஞ்சியும் மோரும். அந்தச் சத்து பருப்பில் உண்டு, தீட்டிய அரிசிக் கஞ்சியில் இல்லை என்றார் டாக்டர். ஈரல் நோய்க்கு அதுதான் பத்தியம் என்று நம் வீடுகளில் சொல்வதை இம்மி பிசகாமல் நடத்தினேன். "நாக்கு செத்துப்போச்சும்மா, ஒரு கரண்டி பருப்பு ஊத்து" என்று தட்டை நீட்டினீர்கள். "வாயக் கட்டுங்க அப்பச்சி" என்று பருப்புச் சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கண்டிப்பான மகள் என்று எனக்குப் பெருமை வேறு.

ஊசி போட்டதும் பார்வை நேரானது. நடை திரும்பவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் ஈரல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கேதம் கேட்க வந்த அதே சித்தப்பா, "குடிய நிப்பாட்டியிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாக" என்று ஆரம்பித்தார். ஆத்தா என் கையை அமுக்கினாள். உதறிவிட்டு எழுந்துபோய்ப் படத்தை எடுத்துவந்து சன்னலோரம் பிடித்தேன்.

"இங்குட்டுப் பாருங்க சித்தப்பா. ஈரலக் கெடுத்தது சர்க்கரை. அன்னிக்குக் கால் பின்னுனது குடியில வந்ததில்ல. நான் குடுத்த கஞ்சியில வந்தது. ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க. எங்க அப்பச்சியக் குடிகாரகன்னு இன்னொரு தடவை சொன்னீகன்னா இந்த வாசப்படி ஏறாதீக."

கூடம் முழுக்கக் கேட்டது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஊர் என்னைத்தான் சொல்கிறது, பெற்ற தகப்பனுக்கு ஒரு கரண்டி பருப்பு ஊற்றாதவள் என்று. சொல்லட்டும், அது உண்மை. அந்தப் பேர் என்னோடு இருக்கட்டும். பொய்ப் பேர் ஒன்றை உங்கள்மேல் ஏற விடமாட்டேன், அப்பச்சி.