சான்றிதழ் தர மாட்டேன்

பிப்ரவரி 6, வியாழன்

சந்தைக் கட்டிட மாடியில் எங்கள் துறை நடத்தும் மனநல மையத்துக்கு இன்று பதினொரு பேர். மின்விசிறி மறுபடியும் மக்கர்.

தையல்காரம்மா வீட்டுக்கு என் மாணவி போய் வந்தாள். கண்ணெதிரே நடந்த லாரி விபத்துக்குப் பிறகு பதினான்கு மாதமாக வாசலைத் தாண்டாதவர் அந்த அம்மா. போன வாரம் வாசற்படி. இன்று தெருமுனை விளக்குக் கம்பம் வரை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடம் நின்றாராம். "அழுதாங்க மேடம். ஆனா திரும்பி ஓடல."

வகுப்பில் இவளை 'ஏன்மணி' என்பார்கள். வாயைத் திறந்தால் முதலில் வருவது 'ஏன்'தான். மருத்துவ உளவியல் கற்பிக்கும் இத்தனை வருடத்தில் இவளைப்போலக் காது கொடுத்துக் கேட்பவளை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மனநோய் வந்தவரை ஊர் ஏன் ஒதுக்குகிறது என்பது இன்றைய பாடம். நன்றாகத்தான் பேசினேன். "சர்க்கரை வியாதி மாதிரிதான் இதுவும், மறைக்க ஒண்ணுமில்ல" என்ற வழக்கமான வசனம் வரை.

ஏன்மணி எழுந்து நின்றாள். "எனக்குப் பத்தொன்பது வயசுல வந்தது மேடம். ஆறு வாரம் வார்டுல இருந்தேன். இப்பவும் மாத்திரை சாப்பிடறேன்."

நான் என்ன செய்தேன்? "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

நன்றியாம்.

பிப்ரவரி 12, புதன்

யாரோ போய் ஓதிவிட்டார்கள். துறைத்தலைவர் கூப்பிட்டார். குழு கூடி முடிவெடுக்கும் வரை அவள் நோயாளிகளைப் பார்க்கக் கூடாதாம்.

"அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இதுவரைக்கும் அவளால என்ன ஆச்சு சார்?"

"ஆகல. ஆகக் கூடாதுன்னுதான்."

ஒதுக்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற துறை இது.

பிப்ரவரி 13, வியாழன்

தையல்காரம்மா வீட்டுக்கு நானே போனேன். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு வரலையா? உடம்பு சரியில்லையா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "நல்லா இருக்கா. விட மாட்டேங்கறாங்க."

"அப்ப நானும் வெளிய வரல" என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இத்தனை டைரியிலும் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

சின்னவள் பிறந்த பிறகு இரண்டு வருடம் நானும் மாத்திரை சாப்பிட்டேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. சத்து மாத்திரை டப்பாவில் வைத்திருந்தேன். மாமியாருக்கும் தெரியாது, துறைக்கும் தெரியாது. அந்த இரண்டு வருடமும் பாடம் நடத்தினேன், நோயாளிகளைப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவள் வாயைத் திறந்து சொன்னாள். நான் சொல்லல. சொல்லவே இல்ல — இருபது வருஷமா.

குழுவில் சொல்லப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்தான். எதுக்கு இப்பப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?"

அரை மணி கழித்து வந்து நின்றார். "எத்தனை மணிக்குக் கூட்டம்? நான் கொண்டு போய் விடறேன்."

பிப்ரவரி 19, புதன்

நீள மேசை. ஐந்து பேர். ஏன்மணி வெளியே பெஞ்சில்.

'தகுதி', 'தகுதி' என்று துறைத்தலைவர் பேசி முடித்தார். பிறகு நான்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். அப்ப இங்கதான் வேலை பார்த்தேன். அந்த ரெண்டு வருஷம் என்கிட்ட படிச்சவங்க ரெண்டு பேர் இந்த மேசையிலயே இருக்காங்க. கேட்டுப் பாருங்க. அவளை நிறுத்தறதா இருந்தா என்னையும் சேர்த்து நிறுத்துங்க."

அந்த இருவரில் ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். மற்றவர், உதவிப் பேராசிரியர், மெதுவாக நிமிர்ந்தார். "மேடம் அப்ப நல்லாத்தான் நடத்தினாங்க."

"இதை மினிட்ஸ்ல போட வேணாம்" என்றார் துறைத்தலைவர்.

"போடுங்க சார். எழுத்துப்பிழை இல்லாம போடுங்க."

பிப்ரவரி 20, வியாழன்

அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. நேற்று பயந்துதான் இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

முடிவு வந்துவிட்டது. ஏன்மணி தொடரலாம், உதவிப் பேராசிரியரின் மேற்பார்வையில். நான் வகுப்பு எடுக்கலாம். ஆனால் எனக்கு மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்பதால், மனநலத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் வரை சந்தை மாடியில் நோயாளிகளைப் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானே கூட்டிப் பெருக்கித் தொடங்கிய இடம்.

"ஒரு காகிதம்தானே மேடம். கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது" என்றார் துறைத்தலைவர்.

"காகிதம்தான் சார். நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சேர்ந்தே கொடுப்போம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை. ஒரு ஃபோன் போட்டால் எனக்குச் சான்றிதழ் வந்துவிடும். தர மாட்டேன். இன்று நான் தந்தால் நாளை அவளிடம் கேட்பார்கள், அடுத்து வாயைத் திறப்பவளிடமும் கேட்பார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

வீட்டில் இருக்க முடியவில்லை. ஏற்கெனவே அடுக்கிய அலமாரியை இரண்டு முறை அடுக்கினேன். மாலையில் ஏன்மணி ஃபோன்.

"'இத்தனை நாள் எங்க போன'ன்னு தையல்காரம்மாகிட்ட நல்லா திட்டு வாங்கினேன் மேடம். வாசல்லேருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

"ஆரம்பி."

"நீங்க இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஏன்?"

மார்ச் 13, வியாழன்

உத்தரவை நிதானமாக இரண்டு முறை படித்தேன். நோயாளியைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. டோக்கன் கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

ஒன்பது மணிக்கே போய், மாடிப்படி முடிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உதவிப் பேராசிரியர் பார்த்தார். டோக்கன் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பத்து மணிக்குப் புதிதாக ஒரு பெண், கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஏன்மணியின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள இருக்கிற டாக்டரம்மா நல்லா பார்ப்பாங்களா?"

"நல்லா பார்ப்பாங்க" என்றேன். "உங்களுக்கு ஏழாம் நம்பர். உட்காருங்க."