சட்டை வால் சுவர்

1996 அக்டோபர் 19, சனி

இன்று எழுபத்தெட்டாவது சட்டை வாலில் பெயர் எழுதினேன். ஒஹையோவிலிருந்து வருஷாவருஷம் வரும் ப்ரூயிட், கண்ணெதிரே நின்ற மானைச் சுட்டுத் தவறவிட்டார். தவறவிட்டவர் சட்டையின் பின்பக்க வாலை வெட்டி, பெயரும் தேதியும் போட்டு, எங்கள் வேட்டை விடுதிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆணியடிப்பது தீவு வழக்கம். அவருக்கு இது மூன்றாவது. "வெர்டெல் அம்மா, என் பேரைக் கண்ணை மூடிக்கிட்டே எழுதுவீங்க போல" என்றார்.

ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் இந்தத் தீவில் என் கையெழுத்துக்கு ஈடு கிடையாது. முப்பத்தொரு வருஷமாக அத்தனை வாலும் என் கைதான்.

அத்தனையும் ஆம்பளைப் பேர்.

அக்டோபர் 21

பேத்தி ஒலெத்தா நாலு விருந்தாளிகளை உப்பங்கழிக்கு மீன்பிடிக்கக் கூட்டிப் போனாள். பெண்ணா வழிகாட்டி என்று காலையில் முகம் சுளித்த ஒருத்தர், சாயங்காலம் அவள் படகைத் தானே கழுவிக் கொடுத்தார். என் பேத்தியாக்கும்!

இறால் உரிக்கும்போது கேட்டாள்: "பாட்டி, நீ ஏன் ஒரு நாளும் மான் சுடுற பரண்ல உக்காந்ததில்ல?"

"அப்புறம் சமையலை யாரு பார்ப்பா?"

இது ஒரு பதிலா?

அக்டோபர் 22

உட்கார வேண்டும். ஒரு தடவை.

அக்டோபர் 23

விடுதியை நடத்துவது மகன் எஸெல். அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"அறுபத்தெட்டு வயசுல ஏணி ஏறப் போறியா? சனிக்கிழமை எட்டுப் பேருக்குச் சோறு யாரு ஆக்குவா?"

"நீ ஆக்கு."

"நானா!"

"ஏன், கையில சுளுக்கா?"

எழுந்து போய்விட்டான்.

அக்டோபர் 24

சமையலறையைப் பூட்டினேன். சாவி என் ரவிக்கைக்குள்.

அக்டோபர் 24, இன்னும் கொஞ்சம்

எஸெல் காபி இல்லாமல் எட்டு மணி வரை தாங்கினான். ஒத்துக்கொண்டான்.

அக்டோபர் 25

கோழிக்கூட்டுக்கு வந்த பத்துத் திருட்டு ரக்கூன்களைச் சுட்டவள் நான், என் சட்டையை எவனும் தொட முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ப்ரூயிட் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிறார். பிடிக்கட்டும். நாளைக்குப் போடப் பூப்போட்ட சட்டை தைத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, சனி

ஏணியில் பதினாலு படி. பின்னாலேயே ஒலெத்தா. மேலே போனால் சதுப்பு முழுக்கத் தெரிகிறது. இத்தனை வருஷம் இதைத்தான் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தார்களா, பாவிகள்? புல்லுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒலெத்தா முழங்கையால் இடித்தாள். கொம்பு மான். முப்பதடி தூரம்.

சுட்டேன். ஓக் மரத்தின் பட்டை பறந்தது. மான் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயே போச்சு.

பேசின பேச்சென்ன! ஒலெத்தா சிரித்த சிரிப்பில் பரணே ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை.

விடுதிக்குள் நுழைந்தால் அடிப்பிடித்த சோற்று வாசனை. எல்லாரும் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் கேட்டதும் ப்ரூயிட் கத்தரியோடு எழுந்தார். எஸெல் குறுக்கே வந்தான்.

"விட்டுடலாம். அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்? புதுச் சட்டை வேற."

எனக்கு வந்ததே கோபம்! விட்டுடறதாமே. சுட்டது யாரு? தவறவிட்டது யாரு? விட்டுடறதுக்கு இவன் யாரு?

முதுகைக் காட்டி நின்றேன். "வெட்டுங்க!"

கரக்கென்று சத்தம். இடுப்பில் சில்லென்று காற்று. எட்டுப் பேரும் மேஜையைத் தட்டினார்கள். "நான் எழுதறேன் பாட்டி" என்று ஒலெத்தா பேனாவை எடுத்தாள்.

பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 27

விடியலில் காபியோடு சுவர்முன் நின்றேன். காக்கி வால்களுக்கும் கட்டம்போட்ட வால்களுக்கும் நடுவே ஒரே ஒரு பூப்போட்டது, எழுபத்தொன்பது. எழுத்து கோணல். திருத்தப் போவதில்லை.

எஸெல் தானாகவே கேட்டான்: "அடுத்த சனிக்கிழமை சோத்துக்குத் தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

மிச்சத் துணியில் இன்னொரு சட்டை தைக்க வெட்டிவிட்டேன். இந்தத் தடவை வால் கொஞ்சம் நீளம்.