வரப்பில் நின்றவர்கள்

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

சுராபாயாவில் உட்கார்ந்துகொண்டு, போனிலேயே, வயலில் நின்ற நம் நெல்லை அறுக்காமல் அப்படியே வியாபாரிக்கு விற்றுவிட்டாய். நோன்புப் பெருநாளுக்கு நீ புதுக் காரில் வந்து இறங்க வேண்டும் அல்லவா?

நேற்று அந்த வியாபாரியின் அறுவடை இயந்திரம் வந்தது. நமக்கு நட்டுக் களையெடுத்த பெண்கள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். அந்த வேலைக்கு அவர்கள் கூலி வாங்கவில்லை. நட்டவர்களே அறுத்து, ஐந்தில் ஒரு பங்கு நெல்லை எடுத்துப்போவதுதான் நம் ஜாவாக் கிராமத்து முறை. அம்மா அப்படிப் பிறர் வயலில் நட்டுக் கொண்டுவந்த நெல்லைத்தான் நீயும் தின்றாய்.

அப்பா காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் போனேன்.

"என்னம்மா காலேஜு, உங்க அண்ணன் எங்க முதுகுவலியையும் சேர்த்தே வித்துட்டானா?" என்றார் சார்மி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தப் பக்கம் போங்கம்மா, கால் போயிடும்!" என்று ஓட்டுநர் கத்தினான். சிரிப்பு நின்றது. மதியத்துக்குள் வயல் மொட்டையாகிவிட்டது. அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த நடவுக்கு ஆள் பேசச் சொல்லியிருந்தாய். பேசினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள் என்பாயே, அந்த நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய், "எங்க வயலுக்கு இனிமே யாரும் வராதீங்க" என்று சொன்னேன். நானும் இறங்க மாட்டேன்.

அப்பா விதைநெல்லை ஊற வைத்திருக்கிறார். நாற்று வளர்ந்ததும் நீயே வந்து குனி.

உன் தங்கை